மரக்கிளையில் சிக்கிய ரிப்பன்

கல்யாணமாகி மூன்று மாதம்தான் ஆகிறது. பொழுது சாயும் நேரம். வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கிவிட்டவனை மனைவி நிறுத்துகிறாள். அவன் காதருகே வந்து மெல்லச் சொல்கிறாள்: இன்று ராத்திரி போகவேண்டாம், விடிந்ததும் போகலாம், தனியாகப் படுத்திருக்கும் பெண்ணுக்கு வரும் கனவுகளும் நினைப்புகளும் சில சமயம் அவளையே பயமுறுத்துகின்றன. அவள் தொப்பியில் கட்டிய இளஞ்சிவப்பு ரிப்பன்கள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கின்றன. அவன் கேட்கிறான்: "மூன்று மாதம்தானே ஆகிறது, அதற்குள் என்னைச் சந்தேகப்படுகிறாயா?"

அவள் சந்தேகப்படவில்லை, பயப்படுகிறாள். சந்தேகம் என்ற சொல்லை முதலில் எடுப்பவன் அவன்தான். அன்றிரவு எங்கே, யாரைப் பார்க்கப் போகிறோம் என்று அவனுக்குத் தெரியும். அவளுக்குச் சொல்லவில்லை. இந்த ஒரே ஒரு ராத்திரி மட்டும், அதன் பிறகு இவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டே சொர்க்கம் போய்விடுவேன் என்று மனதுக்குள் கணக்குப் போட்டபடி நடக்கிறான்.

அமெரிக்க எழுத்தாளர் நத்தேனியல் ஹாதோர்ன் எழுதிய 'யங் குட்மேன் பிரௌன்' சிறுகதை இப்படித் தொடங்குகிறது. 1835 ஏப்ரலில் 'நியூ இங்கிலாந்து மேகசின்' இதழில் ஆசிரியர் பெயர் போடாமல் வந்த கதை. 1846இல்தான் அவருடைய தொகுப்பு ஒன்றில் இடம்பெற்றது. தலைப்பைப் பார்த்தால் ஏதோ எளிய நீதிக்கதை என்று தோன்றும், ஆனால் இத்தாலியக் கவி தாந்தேயின் ஆழம் இதில் இருக்கிறது என்று 1850இல் எழுதினார் நாவலாசிரியர் ஹெர்மன் மெல்வில். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஆனால் படித்து முடித்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பாமல் இருக்க முடியாது. நான் முதல்முறை படித்தபோது திரும்பிப் போய்த் தேடியது அந்த ரிப்பனைத்தான்.

'குட்மேன்' என்பது அவன் பெயரல்ல. அமெரிக்காவின் வடகிழக்கில் ஆங்கிலேயர் குடியேறிய நியூ இங்கிலாந்தில், பதினேழாம் நூற்றாண்டில், 'மிஸ்டர்' போட்டு அழைக்கும் அளவுக்கு அந்தஸ்து இல்லாத சாதாரண குடியானவனுக்குத் தரப்பட்ட மரியாதைச் சொல். பிரௌன் என்ற பெயரோ எந்தத் தெருவிலும் இருக்கும். மனைவியின் பெயரில்தான் கதையின் முடிச்சு இருக்கிறது. அவள் பெயர் ஃபெய்த். தமிழ் வேதாகமச் சொல்லில் விசுவாசம். நம் பேச்சுச் சொல்லில் நம்பிக்கை. இந்தக் கதைக்கு இரண்டாவது சொல்தான் இன்னும் பொருந்துகிறது என்று எனக்குப் படுகிறது. கடவுள்மேல் வைப்பதும் நம்பிக்கை, கட்டியவள்மேல் வைப்பதும் நம்பிக்கை. பேச்சுத் தமிழ் அந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் தேடவில்லை. பிரௌனும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஒன்று சாய்ந்தபோது மற்றதும் சேர்ந்து சாய்ந்தது.

அவன் ஊர் நியூ இங்கிலாந்தின் மாசசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலம், நம் சேலம் அல்ல. அங்கிருந்து அவன் நுழைவது காடு. அங்கே குடியேறிய கண்டிப்பான சீர்திருத்தக் கிறிஸ்தவர்களான ப்யூரிட்டன்களுக்குக் காடு என்பது வெறும் மரக்கூட்டமல்ல. ஒரு காலத்தில் பிசாசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்த நிலத்தில்தான் தேவனுடைய மக்கள் குடியேறியிருக்கிறார்கள் என்று பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1693இல் எழுதினார். ஊரின் வேலி முடியும் இடத்தில் தேவனின் எல்லையும் முடிகிறது என்பதுபோல ஒரு மனநிலை. அந்தக் காட்டுப் பாதையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் இவனுக்காகக் காத்திருக்கிறார். "தாமதமாகிவிட்டதே" என்கிறார். "ஃபெய்த் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்திவிட்டாள்" என்கிறான் பிரௌன். பாஸ்டனிலிருந்து கிளம்பிப் பதினைந்தே நிமிடத்தில் வந்துவிட்டதாகச் சொல்லும் அந்த மனிதர் யார் என்று விளக்கத் தேவையில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்ப்பவர்கள் இருவரையும் தகப்பன் மகன் என்று சொல்லிவிடும் அளவுக்கு முகச்சாடை ஒத்திருக்கிறது. கொம்பும் வாலும் வைத்த பிசாசல்ல இது. வயதான பிரௌன்.

அவர் கையில் ஒரு தடி. கரிய பாம்பின் வடிவில் செதுக்கியது. அது நெளிவதுபோல, உயிருள்ள பாம்பாகவே சுருளுவதுபோலத் தெரிகிறது. உடனே கதைசொல்லி குறுக்கிட்டு, இது மங்கல் வெளிச்சத்தில் கண் செய்த மயக்கமாகத்தான் இருக்கவேண்டும் என்கிறார். இந்த ஒரு வாக்கியத்தில் கதையின் முழு நடையும் அடங்கியிருக்கிறது. 'போல', 'ஒருவேளை', 'தோன்றியது', 'சிலர் சொல்வார்கள்' என்று ஹாதோர்ன் ஒவ்வொரு காட்சிக்குப் பக்கத்திலும் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டே போகிறார். வாசகருக்குக் கொடுக்கும் அந்தச் சந்தேகத்தின் பலன் பிரௌனுக்கு மட்டும் எட்டவே இல்லை.

பிசாசு என்றால் எதையாவது காட்டி மயக்கவேண்டுமே? பொன், பெண், பதவி எதையும் இந்தப் பிசாசு பேச்சுக்குக்கூட எடுப்பதில்லை. தமிழ் வேதாகமம் இந்த மயக்கத்துக்கு 'சோதனை' என்றும், மயக்குபவனுக்கு 'சோதனைக்காரன்' என்றும் சொல் வைத்திருக்கிறது. பரீட்சை என்ற பொருளும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இங்கே நடப்பது அதுதான். எங்கள் அப்பாவோ தாத்தாவோ இப்படியொரு வேலைக்குக் காட்டுக்குள் வந்ததே இல்லை என்கிறான் பிரௌன். பிசாசு அமைதியாகப் பதில் சொல்கிறது: உன் தாத்தா கான்ஸ்டபிளாக இருந்து குவேக்கர் என்ற மாற்றுச் சபைப் பெண் ஒருத்தியை சேலம் தெருக்களில் சவுக்கால் அடித்துக்கொண்டு போனபோது துணைக்கு நின்றது நான்தான், உன் அப்பா செவ்விந்தியர் கிராமத்துக்குத் தீ வைக்கப் பந்தத்துக்குக் கட்டை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். சபை மூப்பர்கள் என்னோடு திருவிருந்துத் திராட்சரசம் குடித்திருக்கிறார்கள். ஆட்சி மன்றத்திலும் பெரும்பாலோர் என் பக்கம்தான்.

சரி, அவர்கள் எப்படியோ போகட்டும், எங்கள் போதகர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன் என்கிறான். சற்று நேரத்தில், சிறுவயதில் தனக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்த க்ளாய்ஸ் அம்மாள் அதே பாதையில் பிசாசோடு சிரித்துப் பேசிவிட்டுப் போவதைப் பார்க்கிறான். கிழவி போனால் போகட்டும், அதற்காக ஃபெய்த்தை விடுவேனா என்று ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிடுகிறான். பிறகு போதகரும் டீக்கன் குக்கினும் குதிரையில் போகும் குரல்கள் கேட்கின்றன. சாயப்போகும் கொட்டகைக்கு வரிசையாக முட்டுக் கொடுத்திருப்பார்களே, அப்படித்தான் இருந்திருக்கிறது அவன் விசுவாசம். அப்பா ஒரு முட்டு, தாத்தா ஒன்று, வாத்தியாரம்மா ஒன்று, போதகர் ஒன்று. பிசாசு கொட்டகையைத் தள்ளவே இல்லை. முட்டுகளை ஒவ்வொன்றாக உருவியது. "மேலே வானம், கீழே ஃபெய்த், நான் பிசாசை எதிர்த்து நிற்பேன்" என்று அவன் கூவும்போது மிச்சமிருப்பது ஒரே ஒரு முட்டு.

இவ்வளவு மெலிந்த விசுவாசம் அவனுடைய தனிப்பட்ட குறை என்று நான் நினைக்கவில்லை. யார் மீட்கப்படுவார், யார் கைவிடப்படுவார் என்பது உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தீர்மானித்தது என்றது ப்யூரிட்டன்களின் கால்வினியம். மனிதன் பிறவியிலேயே பாவி. நற்செயலால் மீட்பை வாங்க முடியாது, உயிரோடிருக்கையில் உறுதியாகத் தெரிந்துகொள்ளவும் முடியாது. தெரியாததால் அடையாளம் தேடினார்கள். தன்னிடம் தேடினார்கள், அண்டை வீட்டாரிடமும் தேடினார்கள். சபையின் முழு உறுப்பினராக வேண்டுமானால் தேவன் தன்னைத் தொட்ட அனுபவத்தை மற்றவர்கள் முன் எடுத்துச் சொல்லி அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாம் தலைமுறையில் பலருக்கு அப்படிச் சொல்ல அனுபவம் வாய்க்கவில்லை. அதனால் 1662இல் விதியைத் தளர்த்தி, அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானம் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். பிரௌன் அந்த மூன்றாம் தலைமுறையின் பிள்ளை. விசுவாசம் அவனுக்குப் பரம்பரைச் சொத்தாக வந்தது. தானாகச் சம்பாதித்ததில்லை.

இனி ரிப்பனுக்கு வருகிறேன். கதையில் அது ஐந்து இடங்களில் வருகிறது. தொடக்கத்தில் மூன்று, கடைசியில் ஒன்று. நடுவில், காட்டுக்குள் ஒன்று. வானத்தில் கருமேகம் ஒன்று வேகமாகக் கடக்கிறது. அதற்குள்ளிருந்து ஊர்க்காரர்களின் குரல்கள் கேட்பதுபோலிருக்கிறது, ஓர் இளம்பெண் அழுவதுபோலும் இருக்கிறது. "ஃபெய்த்!" என்று அலறுகிறான். பதிலுக்கு ஓர் ஓலம், பிறகு தூரத்துச் சிரிப்பு. வானிலிருந்து ஏதோ மெல்லப் படபடத்து இறங்கி ஒரு கிளையில் சிக்குகிறது. பிடித்துப் பார்க்கிறான். இளஞ்சிவப்பு ரிப்பன். "என் ஃபெய்த் போய்விட்டாள்! பூமியில் நன்மை என்று எதுவும் இல்லை. பாவம் என்பது வெறும் பெயர். வா பிசாசே, இந்த உலகம் உனக்கே கொடுக்கப்பட்டிருக்கிறது" என்று கத்தியபடி காட்டின் நடுவை நோக்கி ஓடுகிறான்.

அந்த ஓட்டத்துக்கு முன் அவன் சேர்த்த சாட்சியங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். க்ளாய்ஸ் அம்மாளைக் கண்ணால் பார்த்தான். போதகரையும் டீக்கனையும் பார்க்கவில்லை, குரல் மட்டும் கேட்டான். ஊர்க்காரர்களைக் குரலாகக்கூடச் சரியாகக் கேட்கவில்லை, மேகத்தின் இரைச்சலில் ஒரு மயக்கம். சான்று படிக்குப்படி மெலிகிறது. அவன் முடிவோ படிக்குப்படி கெட்டியாகிறது. கடைசியில் கையில் கிடைத்தது ஒரு துண்டுத் துணி. கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் ஊரில் சொல்வார்கள். பிரௌன் கண்டான், கேட்டான், தொட்டும் பார்த்தான். விசாரிக்கவில்லை.

மறுநாள் காலை ஃபெய்த் தெருவில் ஓடிவரும்போது தொப்பியில் ரிப்பன்கள் இருக்கின்றன. காட்டில் விழுந்தது யாருடையது? இவ்வளவு திடமாக ஒரு பொருளைக் கையில் கொடுத்தது கதையின் தெளிவின்மையைக் கெடுத்துவிடுகிறது என்று குறை சொன்ன விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டின் நடுவில் நடக்கும் பிசாசின் சடங்கில், பலிபீடத்துக்கு முன் முக்காடிட்ட உருவமாக ஃபெய்த் நிறுத்தப்படும்போது, வேறெங்கும் விடாமல் சொல்லப்பட்ட ரிப்பனைப் பற்றிப் பேச்சே இல்லை. அது இருந்ததா இல்லையா என்று அவன் பார்த்ததாகவும் இல்லை. கையில் கிடைத்த பொருள் ஒன்றைக்கூடச் சரிபார்க்காமல் ஒரு மனுஷியின்மேல் தீர்ப்பெழுத முடியும் என்பதைக் காட்ட அந்தத் துணித்துண்டு தேவைப்பட்டது.

அதன் நிறத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்கும் சிவப்புக்கும் நடுவில் இருப்பது, அதாவது முழுப் புனிதமும் இல்லை முழுப் பாவமும் இல்லை என்பார்கள். இருக்கலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, ரிப்பன் என்பதே அந்த ஊரில் ஒரு சின்ன மீறல் என்பது. 1675இல் செவ்விந்தியரோடு போர் மூண்டபோது, தேவகோபத்துக்குக் காரணமான பாவங்கள் என்று மாசசூசெட்ஸ் ஆட்சி மன்றம் ஒரு பட்டியல் போட்டது. தலையிலும் உடையிலும் ரிப்பன் கட்டிக்கொள்வதும் அதில் ஒன்று. அப்படிப்பட்ட ஊரில் ஒரு புதுமணப்பெண் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள். கொஞ்சம் அழகு, கொஞ்சம் ஆசை, கொஞ்சம் பக்தி எல்லாம் கலந்த ஒரு மனுஷி. அவளை முந்தானையைப் பிடித்துப் பின்தொடர வேண்டிய தேவதையாகத்தான் பிரௌன் வைத்திருந்தான். தேவதை இல்லையென்றால் சூனியக்காரி. நடுவில் மனுஷிக்கு அவன் மனதில் இடமில்லை.

இந்தக் கதையை எழுதியவரின் வீட்டுக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1804இல் சேலத்தில் பிறந்தவர் ஹாதோர்ன். அந்த வம்சத்தில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த வில்லியம், குவேக்கர் பெண் ஒருத்தியைச் சவுக்கால் அடிக்க உத்தரவிட்டவர். பிசாசு சொன்ன அதே சம்பவம். அவர் மகன் ஜான், 1692 சேலம் சூனிய விசாரணையின் நீதிபதிகளில் ஒருவர். அந்த ஆண்டு 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். ஜைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல்லடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலேயே செத்தவர்களும் உண்டு. சாரா குட் என்ற ஏழைப்பெண்ணிடம் ஜான் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தீய ஆவியோடு உனக்குப் பழக்கம் என்பது. பழக்கம் உண்டா என்றுகூடக் கேட்கவில்லை. சக நீதிபதி சாமுவேல் சீவால் 1697இல் பாஸ்டனில் தன் சபை முன் எழுந்து நின்று பழியை ஏற்றுக்கொண்டார். ஜான் அப்படி எதுவும் செய்யவில்லை. அவருடைய கொள்ளுப்பேரனின் மகன்தான் நம் கதாசிரியர். தன் பெயரின் எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார். அந்த முன்னோர்களின் வெட்கத்தைத் தன்மேல் ஏற்றுக்கொள்வதாக 1850இல் ஒரு நாவலின் முன்னுரையில் வெளிப்படையாக எழுதினார்.

அந்த நீதிமன்றம் நம்பியது எதை? ஆவியுருச் சாட்சியை. இன்னாருடைய உருவம் ராத்திரி என்னிடம் வந்து கிள்ளியது, கழுத்தை நெரித்தது என்று ஒருவர் சொன்னால் போதும். அந்த நேரத்தில் அவள் வீட்டில் படுத்திருந்தாள் என்பது கணக்கில்லை. ஒப்புக்கொள்ளாத ஒருவரின் உருவத்தைப் பிசாசு எடுக்க முடியாது, ஆகவே உருவம் வந்தாலே அவள் பிசாசோடு ஒப்பந்தம் செய்தவள் என்று வாதிட்டார்கள். பிசாசால் நல்லவர்கள் உருவத்திலும் வரமுடியும் என்று போதகர்கள் எச்சரித்தார்கள். ஒரு நிரபராதி சாவதைவிடச் சந்தேகத்துக்குரிய பத்துச் சூனியக்காரர்கள் தப்பிப்பது மேல் என்று காட்டன் மேதரின் தந்தை, போதகர் இன்க்ரீஸ் மேதர் அந்த அக்டோபரில் எழுதினார். அதே மாதம் ஆளுநர் நீதிமன்றத்தைக் கலைத்தார். அதற்குள் தூக்கு முடிந்துவிட்டிருந்தது.

இப்போது பிரௌனின் காட்டுக்குத் திரும்பினால், அவன் பார்த்தது எல்லாமே உருவங்கள்தான். இதிலும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. க்ளாய்ஸ், கோரி, கேரியர் என்று ஹாதோர்ன் கதையில் வைத்த பெயர்கள் கற்பனை அல்ல. மார்த்தா கோரியும் மார்த்தா கேரியரும் 1692இல் தூக்கிலிடப்பட்ட நிஜப் பெண்கள். சாரா க்ளாய்ஸின் அக்காக்கள் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான 71 வயது ரெபெக்கா நர்ஸ் சிறையில் இருந்தபோது, ஏப்ரல் 3ஆம் தேதி ஆராதனையில் போதகர் எடுத்த வசனம் "உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்". சாரா எழுந்து வெளியே போனார். கதவு படீரென்று சாத்திக்கொண்டது. சில நாட்களிலேயே அவரும் கைதானார். அடுத்த ஆண்டு விடுதலையானார்.

அப்படியிருக்க, முன்னோர் செய்ததற்கு வெட்கப்பட்ட மனிதர் அந்தப் பெண்களை மறுபடியும் சூனியக்காரிகளாக ஏன் எழுதினார்? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் தொந்தரவு செய்தது. கதை முழுவதும் பிரௌனின் கண் வழியாகவே ஓடுகிறது என்பது புரிந்தபோதுதான் விடை கிடைத்தது. க்ளாய்ஸ் அம்மாள் துடைப்பக்கட்டையைத் தேடும் காட்சியை அப்படியே நம்பிவிடும் வாசகர், 1692இன் ஜூரி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். ஹாதோர்ன் தன் கொள்ளுத்தாத்தாவின் தகப்பன் கண்களைச் சற்று நேரம் நமக்கு மாட்டிவிடுகிறார். நிஜத்தில் அந்த அம்மாள் ஒன்றும் செய்யாதவர் என்று தெரிந்து படிக்கும்போது, ஒவ்வொரு வரியும் பொய்ச்சாட்சியாகக் கேட்கிறது.

காட்டின் நடுவில் தீப்பிடித்து எரியும் நான்கு பைன் மரங்கள், பலிபீடம்போல ஒரு பாறை, நடுவில் பிசாசின் பிரசங்கம். பாறைக் குழியில் இருப்பது சிவந்த தண்ணீரா, ரத்தமா, தழலா? சொல்லவில்லை. அங்கே வாக்களிக்கப்படுவது ஒன்றுதான். இந்த ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத் தங்கள் பாவத்தைவிடப் பிறருடைய ரகசியப் பாவம் துலக்கமாகத் தெரியும். பொன்னும் பெண்ணும் பேசப்படாததன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சபலம் அடுத்தவன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவது. "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்கிறது எபிரெயர் நிருபம். காணாமலே நிற்கவேண்டியதைக் கண்டுதான் ஆவேன் என்று கிளம்பியவன் பிரௌன்.

கடைசி நொடியில் அவன் எதிர்க்கிறான் என்பதை மறக்கக்கூடாது. "ஃபெய்த், வானத்தைப் பார், தீயவனை எதிர்த்து நில்" என்று கத்துகிறான். எல்லாம் மறைகிறது. சற்று முன் எரிந்துகொண்டிருந்த கிளையிலிருந்து குளிர்ந்த பனித்துளி கன்னத்தில் தெறிக்கிறது. நெற்றியில் அந்தப் பாறைக்குழித் தீர்த்தம் படவே இல்லை. ஆனால் காலையில் ஊருக்குள் வந்தவன், க்ளாய்ஸ் அம்மாளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்த சின்னப் பெண்ணை, அவருக்குக் காலைப் பால் கொண்டுவந்த குழந்தையை, பிசாசின் பிடியிலிருந்து பறிப்பதுபோல வெடுக்கென்று இழுக்கிறான். போதகரின் ஆசிக்கு ஒதுங்குகிறான். சடங்கு நடக்காமலே அதன் பலன் முழுதாக அவனிடம் வந்து சேர்ந்துவிட்டது. அவனுக்குத் தெரியாத பாவம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அன்று ராத்திரி தானாகக் கிளம்பிப் போனது.

ஃபெய்த் அவனைக் கண்டதும் துள்ளி ஓடிவருகிறாள். ஊர் பார்க்க முத்தமிடப் போய்விடுகிறாள். அவன் கடுமையாக, வருத்தமாக ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசாமல் கடந்துபோகிறான். கனவா நிஜமா என்று கதை சொல்லவில்லை. கனவென்றே வைத்துக்கொள்ளுங்கள், கெட்ட கனவு என்பதோடு விட்டுவிடுகிறது. அதன் பிறகும் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், பேரப்பிள்ளைகள் வந்தார்கள். நடு ராத்திரியில் விழித்து அவளிடமிருந்து அவன் விலகிப் படுத்தான். நேற்று ராத்திரி நீ எங்கே இருந்தாய் என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டதாகக் கதையில் எங்கும் இல்லை. கேட்டிருந்தால் அவளும் அதையே அவனிடம் கேட்டிருப்பாள். அவன் சவ ஊர்வலத்தில் கிழவியாகிவிட்ட ஃபெய்த் பின்னால் நடந்துபோகிறாள். ரிப்பனைப் பற்றி அங்கே பேச்சில்லை.